ரேசுக்குப் போன தேங்காய்

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? 53 வயதில், மூட்டுவலி மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் கார் ரேசுக்குப் போனேன். பார்க்க இல்லை, ஓட்ட.

சிரிக்காதீர்கள். கோயமுத்தூர்க்காரனுக்கு இந்த வியாதி ரத்தத்திலேயே உண்டு. மில்லு, பம்ப்செட்டு, கிரைண்டர் என்று நாளெல்லாம் எதையாவது சுற்ற வைத்தே பிழைத்த ஊர். சுற்றுகிற எதைப் பார்த்தாலும், இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் என்ன என்று கை அரிக்கும். என் அப்பா 1980-களில் சோழவரத்துக்கு என்னை ரயிலேற்றிக் கூட்டிப்போவார். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. அதில் கார்கள் பறக்கும்போது அப்பா வாயைத் திறந்தபடி நிற்பார். ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டு ஸ்கூட்டரை முப்பதைத் தாண்டி ஓட்ட மாட்டார். அந்த வீரம்தான் எனக்கும் வந்திருக்கிறது.

அப்புறம் நம்ம ஊர்க் கரிவரதன். 1988-ல் மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை ஆள் உட்கார்கிற ரேஸ் காரில் வைத்தவர். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னுக்கே போய்விட்டார். என்னிடமும் ஒரு மாருதி 800 நிற்கிறது. அதே 796 சிசி, அதே மூன்று சிலிண்டர். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது என் தங்கை மகன். "மாமா, சனி ஞாயிறு கிளப் ரேஸ் இருக்குது. செட்டிபாளையத்துலதான். யாரு வேணா சொந்த வண்டியக் கொண்டாந்து ஓட்டலாம். உங்க கூட யாரும் மோத மாட்டாங்க, கடிகாரத்தோடதான் போட்டி" என்றான். கடிகாரம்தானே என்று நானும் இறங்கிவிட்டேன். அதைவிட ஈவிரக்கமற்ற எதிரி கிடையாது என்று அப்போது தெரியாது.

செட்டிபாளையத்தில் இருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோன அதே கரிவரதன் பெயரில் 2003-ல் திறந்த தளம். மொத்தம் 2.1 கிலோமீட்டர். அந்த 2.1-க்குள் எத்தனை மடக்க முடியுமோ அத்தனை மடக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு திருப்பத்தில் 'அப்பாடா' என்று சொல்ல வாயெடுத்தால், 'பாடா' வருவதற்குள் அடுத்த திருப்பம். எனக்குப் பயமில்லை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, குடும்பத்தோடு ஏறி இறங்கியவன் நான். குடும்பம் வழியெல்லாம் வாந்தி எடுத்தது என்பது வேறு விஷயம்.

வீட்டுக்காரி கணக்கு டீச்சர். தடுக்கவில்லை. இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். "ஏனுங்க, பந்தயம், வேகச் சோதனை இதுல எல்லாம் அடிபட்டா பைசா தரமாட்டாங்களாமா."

"அத்தை, மாமா ஓட்டுற வேகத்துக்கு அந்த விதி பொருந்தாது" என்றான் தங்கை மகன். ஆறுதலாகத்தான் சொன்னான்.

சனிக்கிழமை விடிகாலையில் நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்பினாள். நான் போட்டிருந்தது கல்யாண வீடுகளுக்கென்று எடுத்துவைத்திருந்த முழுக்கை வெள்ளைச் சட்டை. தீப்பிடித்தால் நைலான் உடம்போடு ஒட்டிக்கொள்ளுமாம், பருத்திதான் போடவேண்டும் என்று விதி. என்னிடம் இருந்த ஒரே முழுக்கைப் பருத்தி அதுதான். பந்தயத்துக்கு வந்த மற்றவர்களெல்லாம் பந்தயக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். நான் மொய் எழுத வந்தவன் மாதிரி இருந்தேன்.

முதலில் வண்டிப் பரிசோதனை. பேட்டரி ஆடுகிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்றார் பரிசோதகர். டிக்கியைத் திறந்தார். ஒரு குடை. கோலமாவுப் பாக்கெட். எங்கள் கடையில் விற்காமல் திரும்பிய பம்ப்செட் வாஷர்கள் ஒரு டப்பா. ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு; அதைப் போட்ட குழந்தை இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறது. கடைசியாகக் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, அதற்குள் ஒரு தேங்காய். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்கள். சந்தைக் கடை விரித்தது போல இருந்தது.

பிறகு டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "இவரு இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். போன முகூர்த்தத்தில் நாங்கள் போனது இரண்டு கல்யாணத்துக்கு.

ஹெல்மெட் தங்கை மகனுடையது. அவன் தலை சின்னது. கண்ணாடியோடு ஹெல்மெட் ஏறாது. கண்ணாடியைக் கழற்றினால் ரோடு தெரியாது. கடைசியில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, கண்ணாடியின் காதுகளை இரண்டு பக்கமும் சந்தில் சொருகினான். ஒரு காது உள்ளே போனது, இன்னொன்று என் காதுக்கு மேலே குத்திக்கொண்டு நின்றது. உலகமே ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது. அந்தச் சாய்ந்த உலகத்துக்குள் நான் முதல் கியரைப் போட்டேன்.

முதல் பயிற்சிச் சுற்றில் நான் செய்த காரியங்களை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இண்டிகேட்டர் போட்டேன். கொண்டை ஊசி வந்ததும் கை தானாக ஹாரனுக்குப் போனது. வால்பாறைப் பழக்கம், எதிரே லாரி வந்துவிட்டால்? ரேஸ் தளத்தில் எதிரே எதுவும் வராது என்பதை மூளை ஏற்றுக்கொண்டது, கட்டைவிரல் ஏற்கவில்லை. மூலையில் கொடி பிடித்து நின்ற பையன் ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். அடுத்த சுற்றில் நான் வருவதற்கு முன்பே தயாராகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கொடிகளைப் பற்றி காலையில் வகுப்பெடுத்திருந்தார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்தியாயிற்று. நீலம் என்றால் பின்னால் உங்களைவிட வேகமான ஆள் வருகிறார், வழிவிடுங்கள். மற்ற கொடிகள் எல்லோருக்கும் பொது. நீலக்கொடியை மட்டும் எனக்காகவே வாங்கியது போல மூலைக்கு மூலை ஆட்டினார்கள். ஒரு எஸ்டீம் போனது. ஒரு போலோ போனது. போகட்டும், பெரிய எஞ்சின். அப்புறம் ஒரு மாருதி 800 போனது. அதே 796 சிசி. அதே மூன்று சிலிண்டர்.

இரண்டாவது ஓட்டத்தில் பிரேக் மிதியை அமுக்கினேன், அது பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நல்லவேளை, பாதி சுற்றுக்கு முன்பே எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். கியரைக் குறைத்துத் தவழ்ந்து வந்து சேர்ந்தேன். மெக்கானிக் தம்பி ஆயில் டப்பாவைத் திறந்து, எட்டிப் பார்த்து, காபி நிறத்தில் இருந்ததை எனக்கும் காட்டினான். "பிரேக் ஆயில் எப்பங்ணா மாத்துனீங்க?"

"மாத்தணுமா?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளுமாம். ரோட்டில் ஒன்றும் தெரியாது. இங்கே திருப்பத்துக்குத் திருப்பம் மிதித்தால் சூடேறி, அந்த ஈரம் கொதித்து ஆவிக் குமிழாகிவிடும். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை நசுக்குவதற்கே சரியாகப் போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. எங்கள் வீட்டில் நான் போடுகிற உத்தரவுகளும் ஏறக்குறைய இப்படித்தான், அதனால் உடனே புரிந்துவிட்டது.

மூன்றாவது ஓட்டம். புது ஆயில், புதுத் தைரியம். நேர்ப்பாதையில் முள் நூறைத் தொட்டது. பிள்ளையாரே நடுங்கினார். இந்த முறை கடைசி நொடியில் பிரேக் போட்டுப் பெயர் வாங்குவது என்று முடிவு செய்து, கடைசி நொடி வரை காத்திருந்து, ஓங்கி மிதித்தேன். மிதி பாதியில் நின்றுவிட்டது. கல்லை மிதித்தது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன்.

இரண்டாவது கல்யாணத்துத் தேங்காய்.

சீட்டுக்கு அடியில் ஒரு வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, நான் பிரேக்கைத் தொட்ட வேகத்தில் விழித்து, உருண்டு, மிதிக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, நேராகவே போகலாம் என்று தீர்மானித்தது. தளத்தைவிட்டு இறங்கி, மண்ணில் தடதடவென்று போய், அடுக்கி வைத்திருந்த டயர்களுக்கு நாலடி முன்னால் நின்றது. எழுந்த செம்புழுதி மேலே போய், கொஞ்சம் யோசித்து, என் கல்யாணச் சட்டையின் மேல் இறங்கியது. மூலையில் மஞ்சள் கொடி ஆடியது. முன்னால் ஆபத்து என்று அர்த்தம். அந்த ஆபத்து நான்.

ஹாரனுக்குச் சிரித்த அதே பையன் ஓடி வந்தான். கதவைத் திறந்தான். தேங்காய் உருண்டு அவன் காலடியில் விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டான்: "ஏனுங்ணா, இது உங்க வண்டியோட பார்ட்ஸுங்களா?"

அன்று மாலைக்குள் என் பெயர் தேங்காய் அண்ணன் ஆகிவிட்டது.

இரவு வீட்டில் என் சிறந்த சுற்று நேரத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் 56 நொடி. வீட்டுக்காரி வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டாள். "2.1 கிலோமீட்டர், 116 செகண்டு. சராசரி 65 கிலோமீட்டர் வேகம்." நிறுத்தினாள். "பல்லடம் பஸ்ஸு இதைவிட வேகமாப் போகுமே. சில்லறைக் காசுல டிக்கெட்டு."

ஞாயிறு காலை, நேரம் குறிக்கிற மூன்று சுற்று. கிளப்பில் ஒரு பெரியவர், தலையெல்லாம் நரை, என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தம்பி, இது இடுக்கமான தளம். இங்க வீரம் காட்டுனா மண்ணுதான். முன்னாடியே பிரேக் போடு. மெதுவா உள்ள போ. வண்டியக் குலுக்காதே. டயரு நாலும் தரையப் புடிச்சுட்டே இருக்கணும். அப்பத்தான் வெளிய வரும்போது ஓடும்."

குலுக்காமல் ஓட்டுவது எப்படி என்று யோசித்தேன். சட்டென்று ஒரு காட்சி வந்தது. வெள்ளலூரில் மாமியார் வீட்டு விசேஷம். பக்கத்து சீட்டில் இவள். மடியில் தூக்குவாளி. தூக்குவாளியில் விளிம்பு வரை சாம்பார். "ஏனுங்க, மெல்லங்க. முன்னாடியே அமுக்குங்க. ஒடிச்சுத் திருப்பாதீங்க." கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற குரல்.

முதல் சுற்றில் சாம்பார் கொஞ்சம் சிந்தியது. இரண்டாவது சுற்றில் விளிம்பில் தளும்பி நின்றது. மூன்றாவது சுற்றில் ஒரு சொட்டு சிந்தவில்லை. மெதுவாகத்தான் போகிறேன் என்று தோன்றியது. மானம் போயிற்று என்று நினைத்தபடியே இறங்கினேன். தங்கை மகன் ஓடி வந்தான். ஒரு நிமிஷம் 49 நொடி. ஏழு நொடி குறைந்திருந்தது. என் பிரிவில் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி ஆள் வண்டியைக் கிளப்பவே முடியாதவர், ஆனாலும் இடம் இடம்தான்.

அந்த உற்சாகத்தில்தான், திங்கட்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது, வாய் தவறி அவளிடம் சாம்பார் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "மொத்தம் எவ்வளவு செலவு?"

"18,000."

"ஏழு செகண்டு. ஒரு செகண்டுக்கு 2,571 ரூவா 43 பைசா." கரண்டியைத் திரும்ப எடுத்தாள். "இருபத்தாறு வருசமா நான் ஓசியில சொல்லிட்டு வந்ததைக் கேக்கறதுக்கு."

சொல்லிவிட்டு என் தட்டில் சட்னியை ஊற்றினாள். தேங்காய் என்னவோ நல்ல தேங்காய்தான்.