ஆடு பாக்கப் போற பேராண்டிக்கு

இன்னா பேராண்டி, தடைக்காலத்துல போட்டு சும்மா நிக்குதுன்னு மலையேறக் கெளம்பிட்டியாமே? வரையாடு பாக்கணுமாம்! காசிமேட்டுல பொறந்தவனுக்கு மீனு அலுத்துப்போச்சு. ராயபுரத்துல சினிமா போஸ்டரக் கிழிச்சுத் தின்னுக்கினு நிக்குதே, அதெல்லாம் உனக்கு ஆடாத் தெரியல.

ஷூ எவ்ளோ? ஆறாயிரமா? போட்டுக்க, சோக்காத்தான் கீது. ஆனமுடி 2,695 மீட்டரு. உச்சியில நின்னு ஆட்டோட போட்டோ புடிக்கலாம்னு பாக்குற. டிக்கெட் வாங்குறவனையெல்லாம் அங்க ஏத்த மாட்டாங்க நைனா. இரவிகுளத்துல பாரஸ்ட் பஸ்ஸுல ஏத்தி ராஜமலையில எறக்கி உடுவாங்க. அங்க தார் ரோட்டோரமா, ரப்பர் செருப்பு போட்ட ஆயா பக்கத்துல, ஆடு அது பாட்டுக்கு மேஞ்சுக்கினு இருக்கும். ஒலகத்துலயே வரையாடு அதிகமா இருக்குற எடம் அதான். கேரளா வாணாமா? பொள்ளாச்சியிலருந்து வால்பாறை பஸ்ஸுல ஜன்னலாண்ட குந்து. ஆழியார் தாண்டி ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுல உனக்கு முன்னாடி அது உன்னப் பாத்துரும். முறுக்கு நீட்டாத. அதுக்குப் புல்லு இருக்குது.

நெசமான காட்டு ஆடுதான் வேணும், முக்கூர்த்திதான் போவேன்னு அடம் புடிச்சா, மொதல்ல அந்தப் பாட்டுப் பொட்டிய வூட்டுல வை. மந்தை மேயும்போது ஒண்ணு மேட்டுல காவலுக்கு நிக்கும். சந்தேகம் வந்துச்சா, ஒரு சீட்டிதான். மொத்தக் கூட்டமும் பாறைச் சரிவுல எறங்கிப் போயிரும். அப்பால ஆறாயிரம் ரூவா ஷூவ நீயே பாத்துக்கினு நிக்க வேண்டியதுதான்.

2025-ல எண்ணுனதுல நம்ம தமிழ்நாட்டுல மொத்தமே 1,303. அதுக்குன்னு சர்க்காரு 25 கோடிக்கு மேல ஒதுக்கி 2023-ல ஒரு திட்டமே போட்டுக்கீது. ஓட்டு போடாத சாதிக்கு இம்மாம் மருவாதி! எண்ணுறவங்க விடியக்காலையில குளுருல மேடு ஏறி எண்ணுறாங்க. நம்ம சந்துக்கு வர்றவன் மொத வூட்டு டீயோட கணக்க முடிச்சுக்குறான்.

பிப்ரவரி, மார்ச்சு குட்டி போடுற நேரம். நமக்கு 61 நாளு கடல சாத்துறாப்ல இரவிகுளத்து கேட்ட சாத்திருவாங்க. நல்ல வேளை, நீ அதுக்கப்பால போற.

இது ஒண்ணு மட்டும் வெளாட்டு இல்ல. 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத்தீயில செத்தவங்க இருபது பேருக்கு மேல. நம்ம மெட்ராஸ் புள்ளைங்களும் அதுல உண்டு. பர்மிசன் இல்லாத தடத்துல எவன் கூப்ட்டாலும் ஏறாத.

போட்டோவுல முதுகு மேல வெள்ளியாட்டம் நரைச்சது ஒண்ணு தெரிஞ்சா, அது வயசான கடா. தள்ளி நின்னு ஒரு சலாம் வை. ஆயாகிட்ட காட்டும்போது மட்டும் என் பேர இழுக்காத.