ஒரு டிவி, நான்கு பெட்டி, ஐந்து ரிமோட்

அனுப்புநர்: ஒரு டிவி உரிமையாளர், பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் வழி, தென்காசி மாவட்டம்.

பெறுநர்: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புதுடெல்லி.

பொருள்: சினிமாவுக்கும் சிறு விளையாட்டுக்கும் ஒரே பெட்டி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணையத்தின் 11.04.2020 நாளிட்ட பரிந்துரை.

ஐயா,

எங்கள் ஊர் திருநெல்வேலி – சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது. மழைக்குப் பஞ்சம் உண்டு, பெட்டிக்கு இல்லை. எங்கள் வீட்டு டிவி மேசையில் கேபிள் பெட்டி ஒன்று, டிஷ் பெட்டி ஒன்று, ஃபைபர் இணைப்போடு தலையில் கட்டிய பெட்டி ஒன்று, டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக் ஒன்று. நான்கும் நான்கு ஜாதி. ஒன்றின் ரிமோட்டை இன்னொன்று தொடவிடாது.

இவ்வளவு இருந்தும் ஐந்தாவது பெட்டி தேடிக் கிளம்பினேன். பையனுக்குக் கார் ஓட்டும் கேம் வேண்டும், அம்மாவுக்குப் பழைய படம் வேண்டும். சங்கரன்கோவிலில் கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "சினிமாவுக்கா, கேமுக்கா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணாச்சி."

"ரெண்டுக்கும்னா ரெண்டு பெட்டி."

அவரைக் குறை சொல்லமாட்டேன். நாட்டின் கொள்கையை மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அட்டையில் 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் டிவி 32 அங்குலம், சாதா எச்டி. நாலாயிரம் புள்ளி அகலப் படத்தை ஆயிரத்துச் சொச்சம் புள்ளியில் மடக்கி உட்கார வைக்கத்தான் அந்தக் கூடுதல் பணம். அட்டையில் பொடி எழுத்தில்கூட இல்லாத சங்கதிதான் முக்கியம்: வைட்வைன் எல்1 என்ற சான்று. அது இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஓடாது. காசு கட்டிவிட்டு டிவிடி காலத்து மங்கலைப் பார்க்கலாம். மலிவான பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. சேமிப்பு இடம் '8 ஜிபி' என்பதில் பெட்டியின் சொந்தச் சாமான்கள் பாதியை அடைத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஒரு கேமை ஏற்றினால் அடுத்த கேமுக்கு இடமில்லை. ராம் 1 ஜிபி என்றால் கேரம் விளையாடலாம். கார் ஓட்டினால் பெட்டி மூச்சு வாங்கும். லேன் துளை இருக்கிறதா என்று கேட்டேன். "வைஃபை இருக்கே!" என்றார் அண்ணாச்சி. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். ஃபைபர் வந்த ஊரில் அது பெரிய விஷயமில்லை. கேம் வேறு கதை. கிளவுட் கேம் என்றால் பொத்தானை அழுத்தியதும் சேதி எங்கேயோ உள்ள சர்வருக்குப் போய்ப் படமாகத் திரும்ப வேண்டும். வேகம் எவ்வளவு இருந்தாலும் அந்தப் போக்குவரத்தில் தாமதம் வந்தால், பையன் பிரேக் பிடிப்பதற்குள் கார் கிணற்றுக்குள் கிடக்கும்.

இதெல்லாம் உங்கள் வேலையில்லை என்பீர்கள். சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன்.

2001லேயே டிஷ் சேவைக்கான அரசு விதிகளில், எந்த நிறுவனத்தின் பெட்டியும் வேறு நிறுவனத்துக்கும் பொருந்தும்படி திறந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்று எழுதியாகிவிட்டது. அன்று பிறந்த பிள்ளை இன்று கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போய்த் தனிப் பெட்டியும் வாங்கியிருக்கும். 2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது. நல்ல காரியம், கைகூப்புகிறேன். நம்பருக்குக் கிடைத்த விடுதலை பெட்டிக்குக் கிடைக்கவில்லை. கேபிள்காரரோடு சண்டை போட்டால் பெட்டி பரண் ஏறும். டிஷ் கம்பெனியை மாற்றினால் கூரையில் பழைய குடை காக்கைக்கு ஆகும்.

பிறகு 2020 ஏப்ரலில், ஊரே அடைந்து கிடந்தபோது, நீங்கள் அந்தப் பரிந்துரையைத் தந்தீர்கள். கேபிளுக்குள் எந்தக் கேபிளுக்கும், டிஷ்ஷுக்குள் எந்த டிஷ்ஷுக்கும் பெட்டி பொருந்த வேண்டும்; பென் டிரைவ் மாதிரி ஒரு யுஎஸ்பி துண்டைச் செருகினால் கம்பெனி மாறிவிட வேண்டும்; நிறுவனங்களுக்கு ஆறு மாத அவகாசம். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். ஆறு மாதம் எந்த நாட்காட்டிப்படி என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். தபால்காரரைத் திட்டுவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் தபாலை எழுதியவர், போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்கலாம்.

அரசாங்கம் பெட்டி விஷயத்தில் கைகழுவிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2006 தமிழகத் தேர்தலுக்குப் பிறகு வந்த இலவசக் கலர் டிவி அம்மாவின் அறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2011ல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள், 2017ல் விலையில்லாப் பெட்டி. அந்தப் பழைய டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்கள்தான் தெரியும். எச்டிஎம்ஐ என்றால் என்னவென்று கேட்கும். இன்றைக்கு வரும் ஸ்டிக்கை அதோடு பேசவைக்க நடுவில் இன்னொரு பெட்டி வேண்டும். கன்வெர்ட்டர் என்று அதற்குப் பேர். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியில் படத்தோடு இலவச கேமும் இருக்கிறது. அதாவது சினிமாவையும் விளையாட்டையும் ஒரே இடத்தில் வைக்க அரசாலேயே முடிந்திருக்கிறது. பெட்டிதான் அகப்படவில்லை.

ஸ்டிக்குகளோ உங்கள் லைசென்ஸ் வேலிக்கு வெளியே மேய்கிறவை. கூகுள் 2024ல் குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தியது. அமேசான் 2025ல் வேறு இயங்குதளத்தோடு ஒரு ஸ்டிக் கொண்டுவந்தது. அவர்கள் கடையில் இல்லாத செயலியை அதில் நாமாக ஏற்ற முடியாது. காசு நம்முடையது, சாவி அவர்களுடையது. இருபது வருஷமாகப் பெட்டிகள் பூட்டிக் கிடப்பதை நாடு பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவர்களும் பார்த்துத்தானே படிப்பார்கள்?

எனவே பணிந்து கேட்பது: அட்டையில் 4கே எழுதுகிற அதே அளவு எழுத்தில் எல்1 உண்டா இல்லையா, காலி இடம் எவ்வளவு, எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று எழுதவைக்க யாரிடம் மனுப் போடவேண்டும் என்றாவது சொல்லுங்கள். கலந்தாய்வுத் தாளில் எப்போதும் தக்க காரணங்களோடு கருத்துக் கேட்பீர்கள். காரணங்கள் நான்கும் மேசைமேல் இருக்கின்றன, ரிமோட்டுகளோடு.

பரிந்துரையில் சொன்ன அந்த யுஎஸ்பி துண்டு எப்போதாவது தயாரானால் ஒன்று அனுப்பிவைக்கவும். எந்தப் பெட்டியின் எந்தத் துளையில் செருக வேண்டும் என்று ஒரு சீட்டும் வையுங்கள். தமிழில் இருந்தால் நல்லது, அம்மாவும் படிப்பாள்.

இப்படிக்கு,
ரிமோட் தேடிக்கொண்டிருக்கும்,
பனவடலிசத்திரத்துக்காரன்