யார்ட்டயும் சொல்லாதீங்கோ

பூட்டு மாமா ஊருக்குக் கிளம்புவது பரம ரகசியம். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கிற அம்மாளுக்கும், கட்டடத்துக்குக் கீழே இஸ்திரி போடுகிறவருக்கும், பால்காரருக்கும், ஆஸ்திக சமாஜத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சஹஸ்ரநாமம் சொன்னவருக்கும் மட்டுமே அது தெரியும். ஒவ்வொருவரையும் ஓரமாக அழைத்து, "கும்பகோணம் போறோம். பத்து நாள் வீடு பூட்டியிருக்கும். யார்ட்டயும் சொல்லாதீங்கோ" என்பார். பேப்பர் போடுகிற பையனுக்குத் தமிழ் வராது என்பதால் அதையே ஹிந்தியில் சொல்வார். மாமாவுக்கு ஹிந்தி தமிழைவிட உரக்க வரும்.

அந்த ரகசியக் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வாசல் கேட்டில் நின்று கிசுகிசுத்தால் மூன்றாவது மாடியில் குக்கர் விசிலை மீறிக் கேட்கும். செம்பூரில் செட்டா நகர் முருகன் கோயில் படியேறும்போது உங்கள் காதில் விழுவது இவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் குரல். தம்பி நவீனமானவர், வீட்டுக்குள் காமிரா மாட்டியிருக்கிறார். தன் வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதை ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் போனில் காட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேருவார்.

நம் மாமாவுக்குக் காமிராவில் நம்பிக்கை இல்லை. அவர் நம்புவது மூளையை. "திருடன் உள்ள நுழைஞ்சதும் நேரா எங்கே போவான், சொல்லுங்கோ?" என்று கேட்பார். பதில் சொல்ல விடமாட்டார். "பீரோவுக்கு! அதனால பீரோவுல நான் ஒண்ணுமே வெக்கறதில்ல."

சாதாரண பீரோ இல்லை. மாமாவின் அப்பா வாங்கிய கோத்ரெஜ். ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் லால்பாகில் பூட்டுத் தொழில் ஆரம்பித்த கதையில் தொடங்குவார். 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகீன்' கப்பல் வெடித்து வட்டாரமே பற்றி எரிந்தபோதும் கோத்ரெஜ் பெட்டகங்களுக்குள் இருந்தது கருகவில்லை என்று கம்பெனிக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டே, அதுவரைக்கும் வந்துதான் நிறுத்துவார். அதற்குள் டிகாக்ஷன் இறங்கி ஆறியும் போயிருக்கும். அந்தக் கப்பலில் பருத்தியோடும் வெடிமருந்தோடும் தங்கக் கட்டிகளும் வந்திருந்தன. ஒரு கட்டி பறந்துபோய் ஒரு பார்சிக்காரர் வீட்டுக்குள் விழுந்தது. அந்த மனிதர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது பம்பாயில் அன்றைக்கு நிஜமாகவே நடந்திருக்கிறது. மாமாவுக்கு இந்தக் கிளைக்கதை பிடிக்காது. கூரை வழியாக ஒன்று உள்ளே வரமுடியும் என்றால் வெளியேயும் போகமுடியுமே என்ற கவலை.

இத்தனை வம்சப் பெருமை உள்ள பீரோவுக்குள் இருப்பவை பெஸ்ட் கரண்ட் பில்கள். மாமா கல்யாணம் ஆகிக் குடிவந்த காலத்திலிருந்து ஒரு மாதம் விடாமல், வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டியவை. எல்ஐசி பிரீமியம் ரசீதுகள் அடுத்த தட்டு. லாக்கர் அறையில் மாமியின் பழைய ரேஷன் கார்டு. நகை வாங்கிய ரசீது மட்டும் ஒன்றுகூட இல்லை. நகை திருட்டுப் போனால் போலீஸும் இன்ஷூரன்ஸ்காரரும் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான். நகைகளைப் போட்டோவாவது எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "போட்டோ எடுத்தா வெளில தெரிஞ்சுடும் ஓய்" என்றார்.

நகை துவரம்பருப்பில் இருந்தது. சமையலறைக்குத் திருடன் வரமாட்டான் என்பது மாமாவின் சித்தாந்தம். திருடனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளும் பருப்பு டப்பாவில்தான் காசு ஒளித்து வைத்திருப்பாள், அதிலிருந்து எடுத்துத்தான் அவன் தொழில் கற்றிருப்பான் என்று மாமாவுக்குத் தோன்றுவதில்லை. எங்களுக்குத் தோன்றியதை நாங்களும் சொல்வதில்லை. சொன்னால் இடத்தை மாற்றுவார். மாற்றினால் புது இடம் எது என்று மறுபடியும் ஒரு சுற்றுச் சொல்லவேண்டி வரும்.

அதுதான் மாமாவின் சுழற்சி. ஒளித்து வைப்பார். "நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிட்டா யாருக்குமே தெரியாம போயிடுமே" என்று நாலு பேரிடம் சொல்வார். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதே என்று இரவெல்லாம் தூங்கமாட்டார். விடிந்ததும் இடத்தை மாற்றுவார். மாற்றியதை அதே நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவர்கள் தப்பான தகவலோடு இருப்பார்கள், அது நியாயமில்லை. இப்படித்தான் மாமியின் நெக்லஸ் துவரம்பருப்பிலிருந்து இட்லிப் பானைக்கும், அங்கிருந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும், கடைசியில் லாஃப்டில் கொலுப்பெட்டிக்குள் செட்டியார் பொம்மையின் வயிற்றுக்கும் போனது. அடிப்பக்கம் பொத்தலான பழைய பொம்மை. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் நெக்லஸ், பொத்தலுக்கு மேல் மைதாப் பசையில் ஒட்டிய காகிதம்.

நவராத்திரி வரும் என்பதை மாமா யோசிக்கவில்லை. மாமி யோசிக்கிற கட்சி இல்லை, கொலு வைக்கிற கட்சி. செட்டியார் வழக்கம்போல் தன் மளிகைக் கடையோடு மூன்றாம் படியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் மாமா செட்டியாருக்குப் பக்கத்தில் நின்றவர் நின்றவர்தான். வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுக்கவில்லை, யாரையும் உட்காரச் சொல்லவில்லை, பாட்டுப் பாடிய பெண்ணுக்குக் கை தட்டவில்லை. இரண்டாம் மாடிக் குழந்தை செட்டியாரின் தொப்பையைத் தொடக் கை நீட்டியதும், "தொடாதே!" என்று ஒரு கத்தல். பயந்த குழந்தை பொம்மையைத் தட்டிவிட, மாமா பாய்ந்து பிடித்தார். பிடித்த வேகத்தில் செட்டியார் வயிற்றில் கலகலவென்று ஒரு சத்தம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

"உள்ள சோழி" என்றார் மாமா.

எல்லோரும் கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்து ஒவ்வொரு தம்பதியிடமும் தனித்தனியாக, "சோழி இல்ல. யார்ட்டயும் சொல்லாதீங்கோ" என்றார்.

பாங்கு லாக்கர் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. 2017 நவம்பரில் நவி மும்பை ஜுயிநகரில் திருடர்கள் பாங்குக்குப் பக்கத்தில் கடை வாடகைக்கு எடுத்து, மாதக்கணக்கில் கடை நடத்தி, அடியில் சுரங்கம் தோண்டி, சனி ஞாயிறு லீவில் பாங்க் ஆஃப் பரோடா கிளையின் 30 லாக்கர்களைக் காலி செய்தார்கள். அந்த வாரமே மாமா தன் லாக்கரைக் காலி செய்தார். பிறகு ரிசர்வ் பாங்கு விதியை மாற்றியது. 2022 ஜனவரி 1 முதல், லாக்கரில் திருட்டுப் போய்ப் பொறுப்பு பாங்கின் மேல் என்று ஆனால், லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை பாங்கு தரவேண்டும். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை என்றால் உச்சவரம்பு 3 லட்சம். "மூணு லட்சத்துக்கு இன்னிக்கு நாலு பவுன் வருமா?" என்றார் மாமா. வராதுதான். ஆனால் செட்டியார் பொம்மை எத்தனை மடங்கு தரும் என்று நான் கேட்கவில்லை.

சாவிகளைப் பற்றி ஒரு வரி. ஒவ்வொரு சாவியிலும் சீட்டுக் கட்டி எந்தப் பூட்டுக்கு என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார், திருடனுக்குப் படிக்கத் தெரியக்கூடாதாம். மாட்டுங்காவில்! தாராவியிலிருந்து நடந்து வரும் தூரத்தில்! பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதையும், ரயில் கல்யாண் தாண்டியதும் எனக்குப் போன் செய்து என்னையும் ஒருதரம் இழுத்துப் பார்க்கச் சொல்வதையும் எழுத ஆரம்பித்தால் இடம் போதாது.

2025 ஜனவரி 16 அதிகாலை பாந்த்ராவில் சைஃப் அலி கானின் அடுக்குமாடி வீட்டுக்குள் ஒருவன் புகுந்து அவரைக் கத்தியால் குத்தினான் அல்லவா, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மாமாவுக்குத் துப்பாக்கி ஆசை வந்தது. லைசென்ஸ் போலீஸ் கமிஷனர் ஆபீஸில் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், காணாமல் போனால் உடனே போலீஸில் சொல்லவேண்டும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்ததும் யோசனையில் ஆழ்ந்தார். நகையைக் காக்கத் துப்பாக்கி. துப்பாக்கியைக் காக்க இரும்புப் பெட்டி. பெட்டிச் சாவியைக் காக்க? நான் செட்டியாரை நினைத்துக்கொண்டேன், மாமாவும் அவரைத்தான் நினைத்திருப்பார். குண்டு போட்ட ரிவால்வர் கொலுவில் மூன்றாம் படியில் உட்கார்ந்திருப்பதை நினைத்து எனக்கு வியர்த்தது. நல்லவேளை மாமி குறுக்கே வந்தாள். 2024 அக்டோபர் 1-ஆம் தேதி ஜூஹுவில் நடிகர் கோவிந்தா, லைசென்ஸ் உள்ள தன் சொந்த ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது வெடித்துக் காலில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். "அவருக்காவது டான்ஸ் ஆடின காலு. உங்களுக்கு ஏற்கெனவே முட்டி வலி" என்றாள். துப்பாக்கி அத்தியாயம் அதோடு முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் பூட்டையும் மாமாதான் இழுத்துப் பார்ப்பார். ராத்திரி ஒருதரம், விடியற்காலை பால் வரும்போது ஒருதரம். கதவுக்கு வெளியே பேப்பர் சேர்ந்தால் வீடு காலி என்று தெரிந்துவிடும் என்று எடுத்து மடித்து வைத்திருப்பார், குறுக்கெழுத்தை மட்டும் போட்டுவிட்டு. சொசைட்டி மீட்டிங்கில் வாட்ச்மேனுக்கு மழைக்கோட்டு வாங்கித் தரவேண்டும் என்று கை தூக்கியவர் அவர் ஒருவர்தான். இதையெல்லாம் நினைத்து எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டு விட்டிருக்கிறேன்.

வைரத்தோடு விஷயத்தில் சிரிக்க முடியவில்லை.

மாமியின் வைரத்தோடு ஒருநாள் காணவில்லை. பருப்பு டப்பா, இட்லிப் பானை, செட்டியார் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாமா போலீஸைக் கூப்பிட்டார். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "காம்வாலி பாய் யார்?" தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து வருகிற அம்மாள். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம், பிறந்தது வளர்ந்தது தாராவி. மாமாவின் பெண் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அவளைப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தாண்டித் தாண்டிப் போனார்கள். பையை அங்கேயே கொட்டிப் பார்த்தார்கள். ஒரு சீப்பு, சுகர் மாத்திரை அட்டை, வேறு வீட்டில் கொடுத்த இரண்டு இட்லி, ஒரு ரசீது. ரசீது எதற்கு என்று அதட்டினார்கள்.

"அடகுக்கடை ரசீதுய்யா. என் நகையெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு, சேட்டு கடையில. என்னை எதுக்கு இப்படி நடுப்படியில வச்சிருக்கீய?" என்றாள்.

மாமா அங்கேதான் நின்றார். இத்தனை வருஷமாக எட்டு வீட்டுக்கு எடுத்துச் சொன்ன இடங்களில் ஒன்றைக்கூட அப்போது சொல்லவில்லை. மூன்றாம் மாடிக்காரர், இஸ்திரிக்காரர், என் பெயர் எதுவும் அவர் வாயில் வரவில்லை. இடம் தெரிந்தவர்கள் நாங்கள். அவளுக்கு மட்டும்தான் மாமா எந்த இடத்தையும் சொன்னதே கிடையாது.

தோடு இரண்டு நாள் கழித்து, ரசம் வைக்கும்போது பெருங்காய டப்பாவில் கிடைத்தது. "வாசனைக்குத் திருடன் கிட்ட வரமாட்டான்னு வெச்சேன், மறந்தே போயிடுத்து" என்று மாமா மாடிமாடியாக ஏறி வேடிக்கையாகச் சொன்னார். கட்டடமே சிரித்தது. அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "கிடைச்சுடுத்து. நாளைலேர்ந்து கொஞ்சம் சீக்கிரம் வா."

வேலைக்காரர் எஜமானர் பொருளைத் திருடினால் அதற்கென்றே பாரதிய நியாய சன்ஹிதாவில் 306-ஆவது பிரிவு இருக்கிறது, ஏழு வருஷம் வரை சிறை. வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் போட்டோவையும் முகவரியையும் ஸ்டேஷனில் கொடுத்து வையுங்கள் என்று போலீஸ் சொல்வதும் உண்டு. தான் ஒளித்ததைத் தானே மறந்துவிட்டு அடுத்தவளைப் படிக்கட்டில் உட்கார வைக்கிறவரின் போட்டோவை எங்கே கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் அடுத்த நாளும் வேலைக்கு வந்தாள். சேட்டு கடையில் வட்டி ஓடுகிறது, வராமல் என்ன செய்வாள்? இப்போது மாமாவின் சமையலறைக்குள் மட்டும் நுழைவதில்லை. பாத்திரங்களை பால்கனியில் கொண்டு வைத்தால்தான் தேய்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். மாமி கொண்டு வைக்கிறாள்.

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள், இது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாளிடம் ஒரு மன்னிப்புக் கேளுங்கள். வாசல் கேட்டில் நின்று, உங்கள் ரகசியக் குரலிலேயே கேளுங்கள். மூன்று மாடிக்கும் கேட்கட்டும்.