பிச்சாவரத்து நிசப்தம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வசிக்கும் நண்பர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மகனைப் பார்க்க ஸ்காட்லாந்துக்குப் போய் வந்தது முதற்கொண்டு, நம் தேசத்தில் நிசப்தம் என்ற வஸ்துவே கிடையாது என்னும் தீர்மானத்துக்கு வந்துவிட்டார். வனத்தின் நடுவே ஒரு கிராமமாம். பத்துப் பதினைந்து வீடுகளாம். நாய்கூட அநாவசியமாகக் குரைப்பதில்லையாம். அந்தக் கிராமத்தின் பெயரை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது வேறு ஊராக இருந்தது. இந்த மௌனத்தின் மகிமையை மாலை விளக்கு வைத்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரையில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி வர்ணித்து வந்தார் என்பதோடு அந்த விஷயத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வனத்தின் புராதனத்தைப் பற்றி அவர் உருகியபோதுதான் எனக்குச் சிறிது சம்சயம் உண்டாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் காடு என்று சொல்லத்தக்க நிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் மிஞ்சியிருந்தது. முதல் உலக யுத்தத்தில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு, 1919-ல் வனக் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொண்டுவந்து, வரிசை பிடித்து நட்டார்கள். நண்பரைக் கண்கலங்க வைத்த ஆதிவனத்தில் அவருடைய தகப்பனாரைவிட இளைய மரங்களே அதிகமாக இருந்திருக்கும். இதைச் சொன்னேன்; அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் நம் பக்கத்துக்கு வந்தபோது நிசப்தத்தைக் கொண்டுவந்ததாகவும் தெரியவில்லை. 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டைக்கு அருகில் ஹைதர் அலியோடு பிரிட்டிஷ் தளபதி ஸர் அயர் கூட் பொருதபோது, அவருடைய சேனையில் ஒரு ஹைலாண்டர் படைப்பிரிவு இருந்தது. குண்டு மழைக்கு நடுவே அதன் வாத்தியக்காரர்கள் பேக்பைப் என்னும் தோற்பைக் குழலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார்களென்றும், அதில் மனம் மகிழ்ந்த தளபதி வெள்ளிக் குழல் வாங்க ஐம்பது பவுன் கொடுத்தாரென்றும் ஒரு கதை உண்டு. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களின் அபிப்பிராயத்தை யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்தப் பரங்கிப்பேட்டையைத் தாண்டினால், வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே, சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், ஆயிரத்து நூறு ஹெக்டேர் பரப்புக்குப் பிச்சாவரத்துச் சதுப்புக் காடு கிடக்கிறது. 2004-ல் சுனாமி வந்தபோது, இந்தக் காட்டின் மறைவில் இருந்த குப்பங்கள் திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. 2022-ல் இதை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஊருக்குத் தன் பெயரையும் நடராஜர் கோயிலுக்கு ஸ்தல விருட்சமென்ற கௌரவத்தையும் அளித்த தில்லை மரம், இன்று சிதம்பரத்தை விட்டு இங்கேதான் வனவாசம் செய்துகொண்டிருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே அபாயம். ஆகையால் கிளை ஒடிக்கும் பழக்கமுள்ள யாத்ரீகர்களிடமிருந்து தன்னைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியும்.

நண்பரை அங்கே அழைத்துச் சென்றேன். துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும், இரு கரையிலிருந்தும் சுரபுன்னை மரங்கள் தலைக்குமேல் கூடிக்கொண்டன. கிளையிலிருந்து நூறு கால்களாக வேர்கள் இறங்கிச் சேற்றில் ஊன்றியிருந்தன. விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் பச்சையாகத் தொங்கி, தக்க சமயம் பார்த்துச் சேற்றில் குத்திட்டு விழுகிறது. படகுக்காரர் துடுப்பை நிறுத்தி, “குனிஞ்சுக்குங்க சார். இங்கதான் எம்.ஜி.ஆரு இதயக்கனி எடுத்தாங்க” என்றார். தண்ணீர் வேரில் மோதும் களுக்கென்ற சப்தம் மாத்திரம் கேட்டது.

“ஆகா, என்ன நிசப்தம்!” என்றார் நண்பர். அத்துடன் அந்த நிசப்தம் முடிந்தது. ஸ்காட்லாந்திலும் இப்படித்தான் என்று தொடங்கி, மகனுடைய சம்பளம், மருமகளின் சமையல், அங்கே முருங்கைக்காய் விற்கும் விலை ஆகியவற்றை அவர் விஸ்தரித்துக்கொண்டிருக்கையில், பின்னால் வந்த படகில் ஒரு கல்லூரிக் கோஷ்டி ஒலிபெருக்கியைத் திருகிவிட்டது. கரையோரம் நின்ற கொக்கு எங்கள் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு எழும்பிப் போயிற்று.

அந்தக் கால்வாயில் மௌனமாக இருந்தவள் இருளர் பெண்மணி ஒருத்திதான். மார்பளவு தண்ணீரில் மெல்ல நகர்ந்து, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பறியின் கயிறு அவள் பற்களுக்கிடையே இருந்தது. வாயைத் திறந்தால் அன்றைய சம்பாத்தியம் தண்ணீரோடு போய்விடும். நண்பர் அவளிடம், “இறால் என்ன விலை அம்மா?” என்று கேட்டார். அவள் தலையை அசைத்துவிட்டு அடுத்த வேரடிக்குப் போனாள்.

சப்தமே கூடாதென்பது என் கட்சியன்று. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகப் பக்கத்திலுள்ள கிள்ளைக்கு எழுந்தருளும்போது, அவ்வூர் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்களும் மரியாதையோடு எதிர்கொள்கிறார்கள். அன்றைக்கு மேளத்துக்கும் வெடிக்கும் குறைவிருக்கலாகாது. மற்ற நாட்களில் பிச்சாவரம் போகும் அன்பர்களுக்கு ஒரு விக்ஞாபனம்: விடுமுறை நாளைத் தவிர்த்துக் காலை வேளையில் போங்கள், மோட்டார் படகை விட்டுத் துடுப்புப் படகில் ஏறுங்கள், ஒலிபெருக்கியைச் சிதம்பரத்திலேயே விட்டுவிடுங்கள். வெளிநாடு சென்று திரும்பிய நண்பர் எவரேனும் இருந்தால், அவரையும்.