மூணு தலைமுறைக் கதைக்கு மூணு வரி அபிப்பிராயம்

ஏங்கண்ணு, கலைஞர் எழுதுன பொன்னர் சங்கரைப் படிச்சுப்போட்டு, "ரொம்ப நீளம், ஆளுக அதிகம், பங்காளிக பண்றது நம்பற மாதிரி இல்லை"ன்னு சொன்னியாமா? மேட்டுப்பாளையத்துக் கிழங்கு மண்டியில ஏலங்கேக்கறவன்கூட மூட்டையைப் பிரிச்சு நாலு கிழங்கு புரட்டிப் பாத்துத்தான் வாயைத் தொறப்பான். நீ எந்தப் பக்கத்துல தூங்கிப்போனேன்னு நான் கேக்கமாட்டேன். கேட்டா உன்ற மரியாதை போயிரும்.

நீளங்கறே. அது பொஸ்தகமாப் பொறந்த கதையில்லீங் சாமி, உடுக்கையோட பொறந்தது. நோம்பி சாட்டுனா ராத்திரி ராத்திரியாப் பாடுவாங்க. முன்னால ஒருத்தர் உடுக்கை அடிச்சு எடுத்துக் குடுப்பார், பின்பாட்டுக்காரர் வாங்கிக்குவார். சனம் கொட்டாவி விட்டா ஒரு சிரிப்பைச் சேத்துவாங்க. பொம்பளைக முந்தானையில கண்ணைத் தொடைச்சா அந்த எடத்தையே இன்னொரு சுத்துச் சுத்துவாங்க. அமெரிக்காவுல கறுப்பின சனம் உண்டாக்குன ஜாஸும் அப்படித்தானாமா. மெட்டு ஒண்ணு, நீட்டறதும் சுருக்கறதும் அன்னிக்கு வாசிக்கறவங்க பாடு. அதைக் காதுல மாட்டிக்கிட்டுத் தலையாட்டறே. உடுக்கைச் சத்தங்கேட்டா மட்டும் சன்னலைச் சாத்தறே.

கனடாக்கார ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக் அம்மா 1965-ல காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல இந்தப் பாட்டை ராத்திரி ராத்திரியா உக்காந்து டேப்புல புடிச்சாங்க. 1982-ல அதைப் பத்தி ஆராய்ச்சிப் பொஸ்தகம் போட்டாங்க. 1992-ல தமிழும் இங்கிலீசுமாக் கதையையே ரெண்டு பாகமாக் கொண்டாந்தாங்க. அதுக்கும் அப்பறம் 26 பகுதியில கார்ட்டூன் படம். அத்தனைக்கும் உக்காந்த அந்தம்மா நீளம்னு சொன்னா நாயம். நீ சொல்லலாமா?

சுருக்கமா வேணும்னவங்களுக்கு 2011-ல பிரசாந்த் ரெட்டை வேசங்கட்டுன சினிமாவே வந்துச்சு. மூணு மணி நேரத்துக்குள்ள மொத்தக் கதையும் முடிஞ்சுது. அதைப் போய்ப் பாத்தவங்களை நீயே தேடிப்புடிச்சு விசாரிச்சுக்க.

ஆளுக அதிகமாம். தாத்தன் கோளாத்தாக் கவுண்டர், மகன் குன்னுடையான், மருமக தாமரை, பேரனுக பொன்னரும் சங்கரும், பேத்தி தங்காள். குடும்பத்துல முக்கியமானவங்க இத்தனை பேருதான். உன்ற வாட்ஸ்அப் குடும்பக் குரூப்புல எத்தனை பேரு? அத்தனை பேருத்துக்கும் வெடியால பூப்படத்தோட வணக்கம் போடறயே, அங்க கொழப்பம் வரலையா?

பங்காளி சமாச்சாரத்துக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்பன் செத்த பையனை வெரட்டிப்போட்டுப் பங்காளிக காட்டைப் புடுங்கிக்கறது உனக்கு நம்பற மாதிரி இல்லையாக்கும்? ஒரு வெடியால எந்தச் சிவில் கோர்ட்டு வாசல்லயாவது போய் நில்லு கண்ணு. பன்னெண்டு மணிக்குள்ள நாலு குன்னுடையானைப் பாத்துப்போட்டு வந்துருவே.

குத்தம் சொல்றதே தப்புங்கலை. சொல்றதை உருப்படியாச் சொல்லு. காட்டுக் கிளியை ஆசைப்பட்டுக் கேட்டவ தங்காள், அதனாலதான் சண்டை மூண்டுதுன்னு ஆம்பளைக சுளுவா அவ தலையில கட்டிப்போடுவாங்க. படுகளத்துல செத்துக் கெடந்த அண்ணன்மாரைச் சித்த நேரமாச்சும் எழுப்பி உக்கார வெச்சவளும் அவதான். இருந்தும் கதைக்குப் பேரு அண்ணன்மார் கதை! கூடவே நின்னு சண்டை போட்ட சாம்புகனுக்குப் பேருல எடமில்லாமப் போனதெப்படி? இப்படி ரெண்டு கேள்வி கேட்டீன்னா, பெருசுக நாங்க தொண்டையைச் செருமிக்கிட்டு வேற பேச்சுக்குப் போயிருவோம். அதுதான் கண்ணு அபிப்பிராயம்.

வர்ற மாசியில மணப்பாறைக்குப் பஸ் ஏறி வீரப்பூருக்குப் போ. அங்க படுகளத்துல சாஞ்சவங்களை எழுப்பற வரைக்கும் செல்போனைச் சோப்புல வெச்சுக்கிட்டு நில்லு. அதுக்கப்பறமும் கதை நீளம்னு பட்டா தாராளமா எழுது. அஞ்சு நட்சத்திரத்துல எத்தனை குடுக்கறதுன்னு உன்ற எழுத்தைப் பாத்து நான் சொல்றேன்.