பேர் வாங்கும் அருவி

ஆராய்ச்சி செய்வது மாணவர். மருத்துவ இதழில் முதல் பெயர் துறைத் தலைவருக்கு. நியாயமா? — வாசகர், தென்காசி

மழை பெய்வது மலைமேல். பேர் வாங்குவது பேரருவி! மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. நான்கிலும் தேறினால்தான் கட்டுரையாசிரியர். நிதி வாங்கிக் கொடுத்தது மட்டும் என்றால், கடைசியில் ஒரு 'நன்றி' போதும். யார் என்ன செய்தார் என்று பிரித்துச் சொல்லும் 'கிரெடிட்' பட்டியலில் 14 வேலைகள் உண்டு. நாற்காலியில் உட்காருவது 15-வதாக இன்னும் சேரவில்லை.

மலையில் மூலிகையைக் காட்டிக் கொடுத்தவருக்கு? — வாசகி, குற்றாலம்

1987-ல் அகத்தியமலைக் காட்டில் ஆரோக்கியப்பச்சை மூலிகையைக் காட்டியவர்கள், ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிகளாகப் போன காணி பழங்குடி மக்கள். அதிலிருந்து பிறந்த 'ஜீவனி' மருந்தின் உரிமத்தொகையில் பாதி அவர்களுக்கு என்றானது. 1995-ல் மருந்து தயாரிக்கும் உரிமம் ஒரு நிறுவனத்துக்குப் போனது. பணம் அவர்கள் அறக்கட்டளைக்கு வந்தது 1999-ல். கட்டுரையில் பெயரா, கையில் காசோலையா? நீங்கள் எதைக் கேட்பீர்கள்?