வாடிக்கையாளர் முதலாளி ஆகும் விதம்

பங்குவழிக் கூட்டுநிதி என்பது, ஒரு சிறு நிறுவனம் தன் பங்குகளை இணையதளம் வழியாகப் பொதுமக்களுக்குச் சிறுசிறு தொகைக்கு விற்றுப் பணம் திரட்டும் முறை. பங்குச் சந்தைக்குப் போகும் வயது அந்த நிறுவனத்துக்கு இன்னும் வரவில்லை. வங்கி அடமானம் கேட்கிறது. பெரிய முதலீட்டாளர் கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறார். மிச்சம் இருப்பவர் வாடிக்கையாளர் ஒருவர்தான். சரக்கு பிடித்துப்போய் வாங்குகிறவர் என்பதால் அவர் கணக்கு வழக்கைத் துருவுவதில்லை.

இம்முறை செழித்த இடம் பிரிட்டன். எக்சிட்டர் நகரத்துக் கிரவுட்கியூப், லண்டனின் சீடர்ஸ் ஆகிய தளங்கள் 2010களின் தொடக்கத்தில் இதற்குக் கடை விரித்தன. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 2012இல் கையெழுத்தானது. புதுத் தொழில்களுக்கு விரைவாகப் பணம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சாமானியர் முதலீடு செய்வதற்கான விதிகள் 2016இல் நடைமுறைக்கு வந்தன.

முதல் வேலை நிறுவனத்துக்கு ஒரு மதிப்பு வைப்பது. பெரும்பாலும் அதை வைப்பவர் நிறுவனரே. "5 சதவீதப் பங்கு, 2.5 லட்சம் பவுண்டு" என்று அறிவித்த கணத்தில், மூன்று ஊழியர்களும் ஒரு மிளகாய் சாஸும் கொண்ட நிறுவனம் 50 லட்சம் பவுண்டு பெறுமானம் உள்ளதாகிவிடுகிறது. இதற்கு வேறு யாருடைய சம்மதமும் வேண்டாம், வாங்குபவருடையதைத் தவிர. அவரும் சம்மதிப்பதற்காகவே ஒரு காணொளி எடுக்கப்படுகிறது. அதில் நிறுவனர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கனவைப் பற்றிப் பேசுவார். நஷ்டக் கணக்கு இணைப்பில் இருக்கும்.

சாமானியரைக் காப்பாற்ற விதிகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் கொண்டுவந்த விதிப்படி, அனுபவமற்ற முதலீட்டாளர் தம் முதலீட்டுக்குரிய சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இத்தகைய பங்குகளில் போடமாட்டேன் என்று உறுதி அளிக்க வேண்டும். உறுதி அளிப்பது அப்போது ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதோடு முடிந்தது. இன்று மோன்சோ என்று அறியப்படும் வங்கி, மோண்டோ என்ற பெயரில் இருந்தபோது, 2016இல் கிரவுட்கியூப் வழியாக 10 லட்சம் பவுண்டு திரட்டியது. ஆன நேரம் 96 விநாடிகள். அதற்குள் இடர் எச்சரிக்கையைப் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஊகிப்பது சிரமமல்ல.

இத்துறையின் காவிய நாயகன் ப்ரூடாக். ஸ்காட்லாந்தின் ஃபிரேசர்பரோ என்னும் மீன்பிடி ஊரில் 2007இல் தொடங்கிய பியர் நிறுவனம். 2009இல் 'ஈக்விட்டி ஃபார் பங்க்ஸ்' என்ற பெயரில் ரசிகர்களுக்கே பங்கு விற்றது. தளத்தின் துணைகூடத் தேடவில்லை. பங்குதாரருக்கு மதுக்கூடத்தில் தள்ளுபடி, பிறந்தநாளுக்கு இலவச பியர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இசைக்கச்சேரி. வரவுசெலவுக் கணக்கைக் கையில் பியரோடு கேட்பவர் பொதுவாக ஆட்சேபம் எழுப்புவதில்லை. விளம்பரத்துக்காக நிறுவனர்கள் லண்டனில் டாங்கி ஓட்டினார்கள். அங்கே பணமுதலைகளைக் 'கொழுத்த பூனைகள்' என்று ஏசுவது வழக்கம் என்பதால், 2015இல் நிதி வட்டாரத்தின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பஞ்சடைத்த பூனைகளைப் போட்டார்கள். பல சுற்றுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர் ஆனார்கள்.

2017இல் அமெரிக்காவின் டி.எஸ்.ஜி. என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் 21.3 கோடி பவுண்டுக்கு ஏறத்தாழ 22 சதவீதப் பங்கை வாங்கியது. ப்ரூடாக்கின் மதிப்பு 100 கோடி பவுண்டு என்று பேசப்பட்டது. ரசிகர்கள் தங்கள் பங்கை மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால் டி.எஸ்.ஜி. வாங்கியது முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் கைமாறினால், ஆண்டுக்கு 18 சதவீதக் கூட்டு வருமானத்தோடு அது தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. மீதி இருந்தால் மற்றவர்களுக்கு. 18 சதவீதக் கூட்டுவட்டியில் ஒரு தொகை நாலேகால் ஆண்டுக்குள் இரட்டிக்கும். பியர் விற்பனை அதே வேகத்தில் இரட்டிக்க வேண்டுமானால் ஸ்காட்லாந்து வேறு வேலை பார்க்கக் கூடாது.

சாதாரணப் பங்குதாரருக்கு இன்னொரு சங்கடம், வெளியேறுவது. பட்டியலிடாத பங்கை நினைத்தபோது விற்க முடியாது. மொய் எழுதியவருக்காவது அடுத்து ஒரு கல்யாணம் வரும். இங்கே வாங்க யாராவது ஒரு பெரிய நிறுவனம் வர வேண்டும். லண்டனின் கேம்டன் டவுன் பியர் நிறுவனம் 2015இல் கிரவுட்கியூப் வழியாக 27 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. அவ்வாண்டு முடிவதற்குள், உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏபி இன்பெவ் அதை வாங்குவதாக அறிவித்தது. சுதந்திரமான சிறு தயாரிப்பை ஆதரிக்கிறோம் என்று பணம் போட்டவர்களுக்கு, அந்தச் சுதந்திரம் விலைபோன அன்றுதான் பணம் கிடைத்தது.

பங்கு வேண்டாம், கடன் போதும் என்போருக்குக் கடன்பத்திரம் உண்டு. ஹோட்டல் ஷோக்கோலா என்ற சாக்லேட் நிறுவனம் 2010இல் விற்ற பத்திரத்துக்கு வட்டி சாக்லேட்டாகவே வந்தது. 2,000 பவுண்டுக்கு ஆண்டுக்கு ஆறு பெட்டி. அசல் பத்திரமாக இருந்தது, வட்டி இடுப்பில் சேர்ந்தது. சிலாங்கோ என்ற உணவகத் தொடர் 2014இல் 8 சதவீத வட்டிக்கு 'பரிட்டோ பாண்ட்' விற்றது. 10,000 பவுண்டு போட்டவருக்கு வாரம் ஒரு இலவசச் சாப்பாடு. பிறகு இன்னொரு பத்திரமும் வந்தது. 2020இல் நிறுவனம் நொடித்தது. சாப்பிட்டவரை லாபம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, இணையம் பிறப்பதற்கு முன்பே, 1923இல் ரசிகர்களுக்குப் பங்கு விற்றது. அதற்கு டிவிடெண்ட் கிடையாது, ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் கிடையாது, வெளியாருக்கு விற்கவும் முடியாது. லாப நோக்கத்தோடு வாங்காதீர்கள் என்று விற்பனை ஆவணமே எச்சரிக்கிறது. இத்துறையில் இவ்வளவு நேர்மையான ஆவணம் அரிது. 2011இல் தொடங்கிய விற்பனையில் 250 டாலர் விலையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள் போயின. 2021இல் மறுபடி விற்பனைக்கு வந்தபோது விலை 300 டாலர். பழைய பங்கின் மதிப்பு அதனால் ஏறவில்லை. வெளியாருக்கு விற்க முடியாது என்பதால் இறங்கவும் இல்லை.